தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்ட மெக்சிகோப் பயணம்

மோட்டார் சைக்கிளில் மெக்சிகோவைச் சுற்றியவர்கள் எழுதுவதை நான் ரொறன்ரோ நூலகங்களில் நிறைய வாசித்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே கதைதான். வேலையை விட்டு, மனைவியை விட்டு, தாடியும் விட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். கடைசியில் ஏதோ ஒரு பாலைவனத்தில் சூரியன் மறைகிற நேரம் பார்த்துத் தங்களைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அதைப் புத்தகமாக்கி, அட்டையில் தங்கள் படத்தையே போடுகிறார்கள்.

நானும் போய் வந்தவன்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு கோடைகாலம். ஆனால் நான் போனது பின்சீற்றில். பின்சீற்றில் இருப்பவனுக்குத் தன்னைக் கண்டுபிடிக்கிற வசதி கிடையாது. முன்னால் இருப்பவனின் முதுகைத்தான் கண்டுபிடிக்கலாம். அந்த முதுகு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

முதுகு என் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அபார்ட்மென்றின் சோபாதான் அவனுடைய நிரந்தர வதிவிடம். அவன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். நான் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் சீருடை போட்டுக்கொண்டு புத்தகம் வாசித்தேன். அதற்குச் செக்கியூரிற்றி வேலை என்று பெயர். என் பாதுகாப்பில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் கொங்கிறீற்.

கூட வேலைசெய்த ஒருவரிடம் அவன் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். சிவப்பு. குளிர்காலம் முழுவதும் அதைப் பல்கனியில் வைத்திருந்தான். எப்படிக் கொண்டுபோனான் என்று கேட்காதீர்கள். லிப்டில் அதன் முன்சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எங்களுடன் ஏறிய ஒரு சீனக் கிழவர் பத்தாம் மாடி வரைக்கும் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

இதற்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு படம்.

அந்த நாட்களில் எங்கள் பெடியன்கள் கலியாணப் பேச்சுக்குப் படம் அனுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. ஸ்காபரோப் பக்கம் ஏதாவது ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்துக்குப் போவார்கள். நல்ல கார் ஒன்றைத் தெரிவுசெய்து, அதில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, உலகத்தில் எதுவுமே தங்களைப் பாதிக்காது என்ற முகத்தோடு நிற்பார்கள். காரின் சொந்தக்காரன் சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் கூட்டாளி கமராவை அமத்திவிட வேண்டும். ஊரிலே, ஒரே நீலக் கார் வெவ்வேறு மாப்பிள்ளைமாரோடு வந்து இறங்கியதைப் பார்த்த தகப்பன்மார், கனடாவில் எல்லாருக்கும் அரசாங்கம் நீலக் கார் கொடுக்கிறது என்றே நம்பினார்கள்.

மச்சான் அப்படிச் செய்யவில்லை. அவன் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து எடுத்த படத்தை அனுப்பினான். அவனுடைய வாழ்க்கையில் அவன் செய்த ஒரே நேர்மையான காரியம் அது. அதையும் ஒருவரும் நம்பவில்லை.

பெண் பருத்தித்துறைப் பக்கம். பேச்சு முற்றாவதற்கு முதலே வீட்டார் அவரை ஏஜென்சிக்காரன் ஒருவனிடம் ஒப்படைத்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சிக்காரன் அவரை மெக்சிகோவின் தெற்கு மூலையில், குவாத்தமாலா எல்லைக்குக் கிட்ட ஒரு பட்டணத்தில் இறக்கிவிட்டு, இதோ வருகிறேன் என்று போனவன்தான். அவரோடு விடப்பட்ட மற்ற ஆட்கள் வேறு ஒருவனைப் பிடித்து, மாதக் கடைசியில் வடக்கே நடந்து எல்லை தாண்டுவதற்கு ஆயத்தமானார்கள். பெண்ணுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அந்தக் கூட்டத்தோடு பாலைவனத்தில் நடப்பது. மற்றது, மச்சான் அங்கே போய்ப் பதிவுத் திருமணம் செய்து, முறையாக ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிடுவது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பாலைவனம் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. நான் சொல்லவில்லை.

பெண் ஒரு கடையில் இருந்து போன் எடுத்தார். மச்சான் எங்கள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்று கதைத்தான். வைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் கறுத்திருந்தது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"உந்த மோட்டார் சைக்கிள் உண்மையா உங்கடையோ, இல்லாட்டி ஆரின்ரையும் பிடிச்சு நிண்டு படம் எடுத்தனீங்களோ எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்னனி?"

"அதிலதான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"மெக்சிகோவுக்கோ?"

"ஓம். வந்தால் பாப்பம், பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம்."

விமானம் என்று ஒன்று இருப்பதை நான் நினைவூட்டினேன். அக்காவும் தம்பியும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். பிறகு மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இவனைத் தனிய விடேலாது. நீங்கள்தானே கண்டறியாத புத்தகமெல்லாம் வாசிக்கிறனீங்கள். நீங்களும் போய் வழியைக் காட்டுங்கோவன்."

வாசித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே தண்டனை இதுதான் என்று சொல்லமாட்டேன். பெரிய தண்டனை இது.

இனி நான் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும். "தூரமோ?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்து, பிறகு புதிதாகப் புறப்பட வேண்டும். ரொறன்ரோவுக்கு வந்தபின் பலரும் விரதம் விட்டார்கள், சைவம் விட்டார்கள். மச்சானும் விட்டான். மாட்டிறைச்சி பேர்கர் தின்பான். கோயிலுக்கு வருடத்தில் ஒரு நாள், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குப் போவான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. ஆயிரம் வருடத்துப் பண்பாட்டில் இருந்து கைக்கு அகப்பட்டதை எடு என்றால், அவன் இதை எடுத்தான்.

புறப்பட்ட காலை, கட்டடத்தின் பின்பக்கத்தில் சைக்கிளில் சாமானைக் கட்டி முடித்தோம். மனைவி தந்த வறுத்த அரிசிமா, புட்டுக்குழல், மிளகாய்த்தூள் எல்லாம் பின்னால் ஒரு பையில். மெக்சிகோவுக்கு மிளகாய்த்தூள் கொண்டுபோன மனிதன் என்று என் கல்லறையில் எழுதலாம். மச்சான் தேசிக்காயைச் சில்லால் நசித்து, இயந்திரத்தை முடுக்கினான். கட்டடத்தின் சுப்பரின்டென்டன், நல்ல மனுசன், போலந்துக்காரர், குப்பைத் தொட்டியோடு வந்தவர் கையை ஆட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: எங்கே போகிறீர்கள்?

மச்சான் இயந்திரத்தை நிறுத்தினான்.

"இறங்குங்கோ அத்தான்."

"ஏனடா?"

"கேட்டுப்போட்டான்."

"அவன் போலந்துக்காரனடா. அவன் கேட்டால் அது வேலை செய்யாது."

"எங்கை போறாய் எண்டால் எங்கை போறாய்தான். இறங்குங்கோ."

இரண்டு ஹெல்மெற்றுகளோடு லிப்டில் மேலே போய், சோபாவில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்கி வந்தோம். போலந்துக்காரர் நாங்கள் எதையோ மறந்துவிட்டோம் என்று நினைத்து, கவலையோடு இன்னொரு முறை கேட்பதற்கு வாயைத் திறந்தார். நான் ஓடிப்போய் அவரிடம் காலநிலையைப் பற்றிப் பேசினேன்.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெற்றோல் செட், அதற்கு அப்பால் இன்னொரு பெற்றோல் செட், நடுவில் ஒரு நாடு. எல்லை அதிகாரியும் கடமைப்படி அந்தக் கேள்வியைக் கேட்டார். மச்சான் அமெரிக்க மண்ணில் கால் வைத்ததும் செய்த முதல் வேலை, புல்லில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தது.

மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் என்னுடைய பதவி தொடங்கியது. வழிகாட்டி. ரொறன்ரோவில் வாங்கிய பெரிய வரைபடத்தை மச்சானின் முதுகில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும்வரைக்கும் நான் நல்ல வழிகாட்டி. ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு மேலால் மெக்சிகோ பறந்து போனதைப் பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றான் மச்சான். "ஊரில ஆர் மப் விரிச்சுப் பாத்தது? கேட்டுக் கேட்டுப் போவம்."

எங்கள் ஊரில் வழி கேட்டால், தெரியாதவன் தெரியாது என்பான். தெரிந்தவன் உன் தகப்பன் பெயரை விசாரித்த பிறகு சொல்லுவான். மெக்சிகோக்காரர் எங்களைவிடப் பண்பானவர்கள். வெயிலில் களைத்து வந்து கேட்கிற அந்நியனை 'தெரியாது' என்ற சொல்லால் நோகடிக்க அவர்களுக்கு மனம் வராது. அதனால் ஏதாவது ஒரு திசையைக் காட்டுவார்கள், மிகுந்த அன்போடு, கையை முழுதாக நீட்டி. ஒரு கிழவர் இடப்பக்கம் காட்டினார். அவருடைய மனைவி அதே நேரம் வலப்பக்கம் காட்டினார். இருவரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். நாங்கள் நடுவாலே போனோம்.

கட்டணம் இல்லாத பாதையால்தான் போக வேண்டும் என்பது மச்சானின் கொள்கை. அந்தப் பாதைகளில் ஒவ்வொரு கிராமத்தின் வாசலிலும், கொங்கிறீற்றால் ஒரு மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்க. முன்கூட்டியே அடையாளம் எதுவும் கிடையாது. அதன்மேல் பறந்து விழுந்த பிறகுதான் 'கவனம், மேடு' என்ற பலகை வரும். மெக்சிகோவில் எத்தனை கிராமங்கள் என்று என் முள்ளந்தண்டைக் கேட்டால் சொல்லும். மேடு வருகிற இடத்தில் பெண்கள் மாங்காயில் தூள் போட்டு விற்றார்கள். எங்கள் மிளகாய்த்தூளைவிட அது உறைத்தது. மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் உண்மையான தொல்லை மேடுகள் அல்ல. சாவடிகள்.

அந்த வருடங்களில் தெற்குப் பக்கத்தில் கலகம் நடந்து முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். தெற்கே போகப் போக, மண்மூட்டைகள், மரநிழல், துவக்கோடு சிப்பாய்கள். சோதனைச் சாவடியைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். அதை ஊரிலேயே நன்றாகப் பழகியிருக்கிறோம். ஆனால் இவர்கள் மரியாதையானவர்கள். வணக்கம் சொல்லி, எல்லாரிடமும் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?

இரண்டாவது கேள்வி முடிந்ததும் மச்சான் பதில் சொல்லுவான். சிப்பாய் 'போகலாம்' என்று கையைக் காட்டுவான். மற்ற எல்லாரும் போவார்கள். மச்சான் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, மண்மூட்டையில் போய் இருந்து, போத்தலைத் திறப்பான். போகச் சொன்ன பிறகும் போகாமல் இருக்கிற மனிதனைப் போலச் சந்தேகத்துக்குரிய பிராணி உலகத்தில் இல்லை.

ஓரிடத்தில் சார்ஜன்ட் ஒருவர் வந்து எங்களைச் சுற்றி நடந்தார். பிறகு பையை அவிழ்க்கச் சொன்னார். முதலில் வந்தது பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய வறுத்த மா. சிப்பாய்கள் எல்லாரும் கிட்ட வந்தார்கள். நாயும் வந்தது. அடுத்தது புட்டுக்குழல். ஒருவன் அதை உயர்த்தி, அதற்குள்ளால் என்னைப் பார்த்தான்.

நூலகத்துக் கசற்றில் நான் படித்த ஸ்பானிய மொழியில் ஹோட்டல் அறை கேட்கலாம், அருங்காட்சியகத்துக்கு வழி கேட்கலாம். புட்டு அவிக்கிற முறையை விளக்க அதில் பாடம் இல்லை. நான் கையால் குழைத்துக் காட்டினேன். உதிர்த்துக் காட்டினேன். குழலுக்குள் போட்டு, தேங்காய்ப்பூ தூவி, அடுப்பில் வைத்து, ஆவி போவதை வாயால் ஊதிக் காட்டினேன். சார்ஜன்ட் ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்தார். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் என் மாமனாரிடம்தான் முன்பு கண்டிருக்கிறேன்.

பையைத் திருப்பித் தந்து போகச் சொன்ன பிறகும் மச்சான் எழும்பவில்லை. "எடேய்," என்றேன், "அங்கை அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு நிக்குது. மாதம் முடியுது. நீ உதில இருந்து தண்ணி குடிச்சுக் குடிச்சுப் போய்ச்சேர அவள் எல்லை தாண்டிப் பேரப்பிள்ளையும் கண்டிடுவாள்."

"அதுக்காகத்தான் அத்தான் இருக்கிறன். இது பிழைக்கக் கூடாது."

"நீ இருக்கிறதாலதான் பிழைக்கப்போகுது."

"உங்களுக்கு விளங்காது. நீங்கள் படிச்சனீங்கள்."

நான் படித்தவன்தான். துவக்கைக் கண்டால் எழும்பிப் போகிற அளவுக்காவது படித்திருந்தேன்.

நான் பயந்தபடியே நடந்தது. நாங்கள் அந்தப் பட்டணத்தைப் போய்ச் சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டது. கூட்டம் போய்விட்டது என்று சந்தைக்கு முன்னால் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டிச் சொன்னார். ஒரு நாடு முழுக்க நான் பார்த்துவந்த அந்த முதுகு முதல்முறையாகக் கூனியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வெயிலாக இருக்கலாம்.

எதற்கும் பார்ப்போம் என்று பெண் போனில் சொன்ன விலாசத்துக்குப் போனோம். நீல வண்ணம் அடித்த சிறிய சாப்பாட்டுக் கடை. உள்ளே கடைக்காரப் பெண்மணியும் ஒரு தமிழ்ப் பெண்ணும் சோள ரொட்டி தட்டிக்கொண்டு ஸ்பானிய மொழியில் யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் எழும்பி வந்தார். மச்சானைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டிப் போய், சைக்கிளைப் பார்த்தார்.

"படத்தில சிவப்பு," என்றார்.

அது மண்ணிறத்தில் நின்றது. ஒரு நாட்டின் தூசி முழுவதும் அதன்மேல் இருந்தது. அவர் ஏப்ரனின் நுனியால் பெற்றோல் ராங்கில் ஓரிடத்தைத் துடைத்தார். சிவப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தார். பக்கத்தில் இருந்த நெளிவைக் கண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். படத்தில் அந்த நெளிவும் இருந்தது.

"அப்ப உங்கடைதான்," என்றார்.

"நீங்கள் கூட்டத்தோட போகேல்லையோ?" என்று மச்சான் ஒருவாறு கேட்டான்.

"உங்களுக்காக நிண்டன் எண்டு நினைக்க வேண்டாம். கூட்டிக்கொண்டு போறவன்ர முகம் சரியில்லை. அதுதான் நிண்டன்." பிறகு கேட்டார்: "ஏன் இவ்வளவு சுணக்கம்?"

பொய் சொல்லுவதற்கு எத்தனையோ இருந்தது. சில்லுக் காற்றுப் போனது, மழை, கொள்ளைக்காரர். மச்சான் உண்மையைச் சொன்னான். ஒவ்வொரு சாவடியிலும் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள், ஒவ்வொரு முறையும் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன் என்றான்.

"ஆமிக்காரனுக்கு முன்னாலையோ?"

"ஓம்."

"துவக்கோட நிக்க?"

"ஓம்."

பெண் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களும் கூட இருந்தனீங்களோ?"

"நானும் தண்ணி குடிச்சனான் பிள்ளை," என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வைக்கு முன்னால் சார்ஜன்டின் பார்வை தாலாட்டு. பிறகு ரொட்டி தட்டப் போய்விட்டார்.

கலியாணத்தைப் பற்றி மச்சான் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும் அதுதான். மச்சானின் லீவு முடிந்துகொண்டிருந்தது. என்னுடையது முடிந்தேவிட்டது. ரொறன்ரோவில் அந்தக் கட்டடம் நான் இல்லாமலும் நிற்கிறது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முதல் நான் போய்ச் சேர வேண்டும்.

"அவவுக்கு விருப்பமில்லை அத்தான்," என்றான் மச்சான். "வாங்கோ போவம்."

காலையில் பையைக் கட்டினோம். கடைக்காரப் பெண்மணி எங்கள் நெற்றிக்கு நேரே சிலுவை போட்டு, வழிக்குச் சோள ரொட்டி சுற்றித் தந்தார். பெண் வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை, நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை. மச்சான் அவரைப் பார்க்காமல் இயந்திரத்தை முடுக்கினான். நான் பின்சீற்றில் ஏறி, ஹெல்மெற்றைப் போட்டு, அந்த முதுகுக்குப் பின்னால் என் இடத்தைப் பிடித்தேன். சில்லு உருளத் தொடங்கியது.

"எங்கை போறியள்?" என்றார் பெண்.

சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வெளிக்கிடுகிற ஆளிடம் என்ன கேட்கக் கூடாது என்று தெரியாமல் கேட்கவில்லை.

மச்சான் இயந்திரத்தை நிறுத்தினான். மெல்ல இறங்கினான். என்னை இறங்கச் சொல்லவில்லை. நேரே உள்ளே போய், கதவுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தான். அவர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். செம்பு ஏது அங்கே, ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். இந்தமுறை மறுபடி வெளிக்கிடுகிற ஆளைப்போல அவன் இருக்கவில்லை.

நான் ஹெல்மெற்றோடு சைக்கிளில் இருந்தேன். எனக்கு ஒருவரும் தண்ணீர் தரவில்லை.

அங்கேயே பதிவு முடித்து, தாள்கள் சரிவரும்வரைக்கும் மச்சான் நின்றுவிட்டான். உணவகத்தில் கோப்பை கழுவ ரொறன்ரோவில் வேறு ஆள் கிடைத்தது. நான் பஸ் பிடித்து வடக்கே வந்தேன். சாவடிகளில் சிப்பாய்கள் ஏறி, ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எங்கே போகிறீர்கள்? ரொறன்ரோ என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசிவரைக்கும் நான் எழும்பவில்லை, இறங்கவில்லை, ஒரு துளி குடிக்கவில்லை. நல்ல தாகம்.

வீட்டு வாசலில் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். தம்பியின் கதையைப் போனில் ஏற்கெனவே கேட்டிருந்தாள். மெலிந்துபோய் வந்த புருசனிடம் கேட்க அவளுக்கு ஒன்றுதான் இருந்தது.

"புட்டுக்குழல் எங்கை?"

"அங்கை," என்றேன்.